டைனோசர் கிடைத்தால் மட்டும் போதுமா?

போடிநாயக்கனூரில் இருந்து தேவாரம் போகிற ரோட்டில் இருக்கிறது சிலமலை. மேற்கே திரும்பினால் மலை. விடிந்தும் விடியாமலும் ஜீப் ஜீப்பாக ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏறிப் போகிற அதே மலைத்தொடர். அந்த மலையைத் தோண்டினால் டைனோசர் எலும்பு கிடைக்குமா? ஜுராசிக் பார்க் படம் பார்த்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இதை ஒரு தடவையாவது கேட்டிருப்பார்கள்.

பதில் ரொம்பச் சுருக்கம். கிடைக்காது.

காரணம் அந்தக் கல்தான். போடி மேற்கு மலையில் பெரும்பகுதி சார்னோக்கைட் என்கிற பாறை. பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015 இல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தபோது இந்தப் பெயர் பேப்பரில் எல்லாம் அடிபட்டது. பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து இறுகிய கல் அது. வயது 50 கோடி வருஷத்துக்கும் மேலே. டைனோசர்கள் தலைகாட்டியதே சுமார் 23 கோடி வருஷத்துக்கு முன்புதான். அதோடு எலும்பு கல்லாக மாற வேண்டும் என்றால் செத்த விலங்கை ஆற்று மணலோ சேறோ சீக்கிரம் மூட வேண்டும். அடுப்பில் வெந்த கல்லுக்குள் எலும்பைத் தேடுவது வீண் வேலை.

ஆனால் இந்தக் கல்லுக்கும் டைனோசருக்கும் ஒரு வேடிக்கையான தொடர்பு உண்டு. சார்னோக்கைட் என்ற பெயர் எப்படி வந்தது? கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக்கின் கல்லறை இருக்கிறது. அதில் பதித்த கல் சென்னைப் பக்கம், பரங்கிமலை - பல்லாவரம் வட்டாரத்தில் இருந்து போனது. பின்னால் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியல் அறிஞர் அந்தக் கல்லறைக்காரர் பெயரையே கல்லுக்கு வைத்துவிட்டார். ஆக, போடி மலைப் பாறைக்குப் பெயர் வந்தது கொல்கத்தாவில் இருந்து. உலகத்தின் பழைய நீள்கழுத்து டைனோசர்களில் ஒன்று இன்றைக்கு எலும்புக்கூடாக நிற்பதும் அதே கொல்கத்தாவில்தான்.

அதன் பெயர் பராபாசாரஸ் தாகூரை. தாகூர் என்றால் சாட்சாத் ரவீந்திரநாத் தாகூரேதான்!

டி-ரெக்ஸ் என்றால் சின்னக் குழந்தைக்கும் தெரியும். பராபாசாரஸ் என்றால் காலேஜ் படிக்கிறவர்களே முழிப்பார்கள். இத்தனைக்கும் அமெரிக்க டி-ரெக்ஸை விடப் பத்துக் கோடி வருஷத்துக்கு மேல் மூத்தது, கோதாவரிக் கரையில் நடமாடியது. இந்த மறதியைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. அதற்கு முன்னால் கதையைப் பார்த்துவிடலாம்.

பி.காம். படிக்கிறவர்களுக்கு மகலனோபிஸ் பெயர் மனப்பாடம். இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம், கனரகத் தொழில், மகலனோபிஸ் மாதிரி... பத்து மார்க் கேள்வி. 1931 இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கியவர் அவர். தாகூருக்கு நெருங்கிய நண்பர். புள்ளியியல் தனியாக உட்கார்ந்து கணக்குப் போடுகிற துறையாக இருக்கக் கூடாது, எல்லா அறிவியலோடும் சேர்ந்து வளர வேண்டும் என்பது அவர் கொள்கை. அதனால்தான் உயிரியல் மேதை ஜே.பி.எஸ். ஹால்டேனை 1957 இல் தன் நிறுவனத்துக்குக் கொண்டுவந்தார். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் இருந்த பமேலா ராபின்சன் என்ற தொல்லுயிர் ஆய்வாளரையும் அழைத்தார். புள்ளியியல் நிறுவனத்துக்குள் ஒரு நிலவியல் பிரிவு பிறந்தது.

அந்தக் குழு பிராணஹிதா - கோதாவரிப் பள்ளத்தாக்கில் இறங்கியது. அது போடி மலை மாதிரி வெந்த கல் இல்லை. ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணலும் களிமண்ணும் சுண்ணாம்பும் அடுக்கடுக்காகப் படிந்த இடம். இன்றைய மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டம், சிரோஞ்சா தாலுகா, போச்சம்பள்ளி கிராமம். 1958 இல் முதல் எலும்புகள் தென்பட்டன. 1960, 1961 இல் பெரிய அளவில் தோண்டினார்கள். சுமார் 300 எலும்புகள் கிடைத்தன. குறைந்தது ஆறு விலங்குகளுடையவை. பக்கத்திலேயே கல்லாகிப் போன பெரிய மரத்தண்டுகள். ஒரு வெள்ளம் மரத்தையும் விலங்கையும் சேர்த்து அடித்துக்கொண்டு வந்து ஒதுக்கியிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் ஊகிக்கிறார்கள்.

கிடைத்ததில் ஒரு தொடையெலும்பு 1.7 மீட்டர் நீளம். ஒரு ஆள் உயரம்! வங்காளத்தில் 'பரா' என்றால் பெரிய, 'பா' என்றால் கால். பெரிய கால் பல்லி, அதுதான் பராபாசாரஸ். தோண்டிய 1961 தாகூரின் நூற்றாண்டு. அதனால் பின்பாதி தாகூருக்கு.

விலங்கு எப்படி இருந்தது? மூக்கில் இருந்து வால் நுனி வரை சுமார் 14 மீட்டர். நீண்ட கழுத்து, நீண்ட வால், தூண் மாதிரி நாலு கால். ஜுராசிக் காலத்தின் முற்பகுதி, ஏறக்குறைய 18 கோடி முதல் 19 கோடி வருஷத்துக்கு முன். அப்போது புல் என்பதே பூமியில் கிடையாது. பூக்கிற செடிகளும் பரவவில்லை. பெரணி, சைக்கஸ், ஊசியிலை மரம் இவைதான் சாப்பாடு. மண்டையோடு கிடைக்கவில்லை, சில பற்கள் மட்டும் கிடைத்தன. கரண்டி வடிவத்தில், ஓரத்தில் ரம்பம் மாதிரி முனைகளோடு, இலையைக் கடித்து உருவுவதற்குத் தோதான பற்கள்.

இதில் என்ன விசேஷம்? நீள்கழுத்து டைனோசர்களின் முன்னோர்கள் சின்ன உருவம். பல இனங்கள் இரண்டு காலில் நடந்தவை. உடம்பு பெருக்கப் பெருக்க நாலு காலும் தரையில் ஊன்றின. முதுகெலும்புக் கட்டைகளில் பள்ளமும் குடைவும் விழுந்து எடை குறைந்தது. பிற்காலத்து ராட்சதர்களில் அந்தக் குடைவு உச்சத்துக்குப் போயிருக்கும். பராபாசாரஸில் அது அப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது. கட்டடம் முடிந்த பிறகு பார்ப்பது வேறு, அஸ்திவாரம் போடுகிறபோது பார்ப்பது வேறு. இந்த எலும்புகள் காட்டுவது அஸ்திவாரத்தை. அந்தக் காலத்தைச் சேர்ந்த நீள்கழுத்து இனங்களில் இவ்வளவு எலும்போடு கிடைத்தவை உலகத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடியவை.

சரி, இனிதான் முக்கியமான விஷயம். இந்த வருஷங்களை வரிசையாகப் பாருங்கள். தோண்டி முடித்தது 1961. ஜெயின், குட்டி, ராய்சௌத்ரி, சாட்டர்ஜி என்ற நால்வர் பெயர் வைத்து அறிவித்தது 1975. கொல்கத்தா நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் எலும்புக்கூடாக நிறுத்தியது 1977. எலும்பு எலும்பாக முழு விவரமும் ஆய்வுக் கட்டுரையாக வந்தது 2010. சாஸ்வதி பந்தோபாத்யாய் உள்ளிட்ட நால்வர் எழுதியது.

நிற்க வைக்கப் பதினாறு வருஷம். முழுசாக எழுதி முடிக்க நாற்பத்தொன்பது வருஷம்.

இடைப்பட்ட வருஷங்களில் என்ன நடந்தது என்பது யார் கண்ணுக்கும் படாத வேலை. புதைபடிவ எலும்பு பார்க்கத்தான் கல். வெளியே எடுத்தால் விரிசல் விடும், உதிரும். எலும்பு முறிந்தவனுக்குக் கட்டுப் போடுகிற மாதிரி சாக்குத் துணியும் பிளாஸ்டரும் வைத்துக் களத்திலேயே கட்ட வேண்டும். மேடு பள்ளத்தில் உடையாமல் ஏற்றி இறக்க வேண்டும். ஒட்டியிருக்கிற பாறையைச் சின்ன உளியாலும் ஊசியாலும் மாசக்கணக்கில் சுரண்ட வேண்டும். பசை ஊற்றி உறுதிப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அப்புறம் ஈரம் படாத இடத்தில் வருஷக்கணக்கில் வைக்க வேண்டும். இதற்கெல்லாம் மாலை மரியாதை கிடையாது. மாசா மாசம் சம்பளமும் மின்கட்டணமும்தான் உண்டு.

இதை ஏலக்காய் ஊர்க்காரர்களுக்குப் புரிய வைப்பது சுலபம். செடியில் பறித்த பச்சைக்காய் இன்னும் காசு இல்லை. பறித்த கையோடு ஸ்டோருக்குக் கொண்டுபோய்ச் சூடு பார்த்துக் காய வைக்க வேண்டும். ஏறக்குறைய அஞ்சு கிலோ பச்சைக்காய் காய்ந்தால் ஒரு கிலோ. அந்த ஒரு ராத்திரி கவனம் தவறினால் பச்சை நிறம் போய்விடும், ஏலத்தில் விலையும் போய்விடும். பறிப்பது பாதி வேலை, பதப்படுத்துவது மீதிப் பாதி. டைனோசருக்கும் அதே கணக்குதான்.

அந்த மீதிப் பாதி நடக்காமல் போனால் என்ன ஆகும்? அதற்கு உதாரணம் தேடித் தமிழ்நாட்டை விட்டு வெளியே போகவே வேண்டாம்.

அரியலூர்ப் பக்கம் கல்லமேடு. 1987 இல் இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் யாதகிரியும் அய்யாசாமியும் அங்கே கிடைத்த எலும்புகளுக்கு ப்ருஹத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். பெரிய உடம்புப் பல்லி என்று அர்த்தம். ஒரு முழங்கால் கீழ் எலும்பு மட்டும் இரண்டு மீட்டர் என்று பதிவு செய்தார்கள். முதலில் அதை இறைச்சி தின்னி இனம் என்று நினைத்தார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் அதையும் ஒரு நீள்கழுத்து இனமாகவே எடுத்துக்கொண்டன. அந்த அளவுகள் சரி என்றால் பூமியில் நடந்த விலங்குகளிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று தமிழ்நாட்டு மண்ணில் நடந்திருக்கிறது. 2023 இல் வந்த ஒரு ஆய்வு அதன் எடையை நூறு டன்னுக்கும் மேலே மதிப்பிட்டது.

போய்ப் பார்க்கலாமா? முடியாது. எலும்புகள் இல்லை. இளகிய மண்ணில் ஈரத்தோடு கிடந்தவை, நிலைக்காமல் சிதைந்து போய்விட்டன. மிஞ்சியது கட்டுரையில் இருந்த படங்களும் அளவுகளும். அது எலும்பே இல்லை, கல்லான மரமாக இருக்கும் என்று சந்தேகப்பட்டவர்கள்கூட உண்டு. எடுத்துக் காட்ட எலும்பு இல்லாததால் சந்தேகத்தைத் தீர்க்க வழியில்லாமல் போனது. 2022 இல் பழைய புகைப்படங்களைத் தேடியெடுத்து அய்யாசாமியும் இன்னொரு ஆய்வாளரும் வெளியிட்ட பிறகுதான் விவாதத்துக்கு மறுபடி உயிர் வந்தது.

இதில் யாரையும் குறை சொல்ல நியாயமில்லை. ஏனென்றால் அதே யாதகிரி 1988 இல் பெயர் வைத்த கோட்டாசாரஸ் இன்றைக்கும் ஹைதராபாத் பிர்லா அறிவியல் அருங்காட்சியகத்தில் கம்பீரமாக நிற்கிறது. அதுவும் கோதாவரிப் பள்ளத்தாக்கின் பழைய நீள்கழுத்து இனம்தான், பராபாசாரஸுக்குப் பங்காளி முறை. யாமன்பள்ளி கிராமத்தில் சுமார் 840 எலும்புகள் கிடைத்தன. மனிதர் ஒருவரே, நிறுவனமும் ஒன்றே. ஒரு இடத்தில் எலும்பு நிலைத்தது, இன்னொரு இடத்தில் கரைந்தது. ஆக, திறமை இருந்தால் மட்டும் போதாது. நொறுங்கக்கூடிய எலும்பு கிடைத்த அன்றைக்கே அதற்குத் தேவையான பசையும் ஆளும் வண்டியும் கூடமும் தயாராக இருக்க வேண்டும். அது ஏற்பாட்டின் விஷயம், பணத்தின் விஷயம்.

பத்திரப்படுத்தினோம் என்று நினைத்ததும் தொலைந்திருக்கிறது. 1828 இல் ஜபல்பூரில் ஸ்லீமன் என்ற ஆங்கிலேய அதிகாரி எடுத்தவைதான் இந்தியாவில் கிடைத்த முதல் டைனோசர் எலும்புகள். 1877 இல் லிடெக்கர் அதற்கு டைட்டனோசாரஸ் இண்டிகஸ் என்று பெயர் வைத்தார். உலகமெங்கும் உள்ள ஒரு பெரிய டைனோசர் கூட்டத்துக்கே அதனால்தான் டைட்டனோசார் என்று பெயர். அப்பேர்ப்பட்ட எலும்பு எங்கே இருக்கிறது என்று பல வருஷம் யாருக்கும் தெரியவில்லை. 2012 இல்தான் கொல்கத்தாவில் நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் சேகரிப்பிலேயே அது அகப்பட்டது. வீட்டுப் பத்திரத்தைப் பீரோவுக்குள்ளேயே தொலைத்த கதை.

இங்கே ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்விதான். மழைக்கு ஒழுகாத பள்ளிக்கூடம் கட்ட வேண்டும், ஆஸ்பத்திரிக்கு மருந்து வேண்டும், தோட்டத்துக்கு ஜீப்பில் நெருக்கியடித்துப் போகிறவர்களுக்கு ஒழுங்கான பஸ் வேண்டும். இதை எல்லாம் விட்டுவிட்டுச் செத்துப் போன பல்லிக்குச் செலவு பண்ணுவதா? இதில் என்ன வருமானம் வரும்?

வருமானம் வராது. அதை ஒத்துக்கொண்டே பேசலாம். டூரிஸ்ட் வருவார்கள், கடை வைக்கலாம் என்று சமாதானம் சொல்வது பாதி ஏமாற்று. ஆனால் 1958 ஐ நினைத்துப் பாருங்கள். அந்நியச் செலாவணி கரைந்து இரண்டாம் திட்டமே தள்ளாடிய நேரம். அமெரிக்கக் கோதுமையை எதிர்பார்த்துக் கப்பல் பார்த்த நேரம். அந்தத் திட்டத்தை எழுதிய அதே மனிதர்தான் தன் நிறுவனத்தின் ஆட்களைக் கோதாவரிக்கு எலும்பு தோண்ட அனுப்பினார். உருக்காலையும் வேண்டும், பெரிய காலும் வேண்டும் என்று நினைத்திருக்கிறார். ஏழை நாடு என்பதால் ஆசையும் ஏழையாக இருக்க வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. அன்றைக்கு முடிந்தது என்றால் இன்றைக்குப் பணம் இல்லை என்று சொல்வது பொருந்தாது.

வணிகவியல் கண்ணாலேயே பார்த்தாலும் இது புரியும். மெஷின் தேய்ந்தால் தேய்மானம் எழுதி, நிதி ஒதுக்கி, புது மெஷின் வாங்கலாம். கட்டடம் எரிந்தால் இன்ஷூரன்ஸ் உண்டு. புதைபடிவத்துக்கு மாற்று விலை என்று ஒன்று கிடையாது. எத்தனை கோடி கொடுத்தாலும் கல்லமேட்டு எலும்பை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. திரும்ப வாங்கவே முடியாத சொத்துக்குப் பராமரிப்புச் செலவைக் குறைப்பது சிக்கனம் ஆகாது. கணக்கில் சத்தமில்லாமல் எழுதித் தள்ளுகிற நஷ்டம் அது. அதிலும் இந்தச் சொத்து ஒரு தலைமுறைக்கு மட்டும் உரியது இல்லை. 1961 இல் தோண்டியவர்களுக்குத் தெரியாததை 2010 இல் எழுதியவர்கள் அதே எலும்பில் பார்த்தார்கள். எலும்பு இருந்ததால் பார்த்தார்கள்.

ஆகவே செய்ய வேண்டியவை பெரிய கம்பசூத்திரம் இல்லை.

முதலாவது சட்டம். நிலவியல் பாரம்பரிய இடங்களையும் பொருட்களையும் காக்க மத்திய அரசு 2022 டிசம்பரில் ஒரு மசோதா வரைவை வெளியிட்டது. நல்லது. ஆனால் வரைவு எலும்பைக் காக்காது. அதைக் காப்பது களத்தில் கையில் பசை வைத்திருக்கிற ஆளும், ஒழுகாத கூடமும்தான். அதற்கான நிதி வருஷா வருஷம் தனியாக வர வேண்டும்.

இரண்டாவது அரியலூர். சுரங்கமும் சிமெண்ட் ஆலையும் நிறைந்த மாவட்டம். சுண்ணாம்புக்கல் தோண்டுகிற இடத்தில் புதைபடிவம் தென்பட்டால் யாருக்குச் சொல்ல வேண்டும், எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார் என்பது ஜேசிபி ஓட்டுகிறவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். முதலில் பார்ப்பது அவர் கண்தான்.

மூன்றாவது பிள்ளைகள். சிலமலையில் இருந்து கொல்கத்தா போவது எத்தனை குடும்பத்துக்குச் சாத்தியம்? ஆனால் அந்த 1.7 மீட்டர் தொடையெலும்புக்கு அச்சு எடுத்து மாவட்டத்துக்கு ஒன்று என்று பள்ளிகளுக்கு அனுப்பலாம். பக்கத்தில் நின்று உயரம் அளந்து பார்க்கிற பிள்ளைக்கு டி-ரெக்ஸ் படம் தராத ஒன்று கிடைக்கும். கூடவே அவர்கள் ஊர்க் கல்லையும் ஒரு துண்டு வைக்கலாம். பரங்கிமலைச் சார்னோக்கைட்டையே தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறார்கள். தங்கள் மலையில் ஏன் டைனோசர் கிடைக்காது என்று விளக்கத் தெரிந்த பிள்ளை, எங்கே கிடைக்கும் என்பதையும் தானாகக் கண்டுபிடித்துவிடும்.

தேட வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது. கோதாவரிப் பள்ளத்தாக்கில் இருந்து 2007, 2011 இல் கூடப் பழைய இனங்களுக்குப் புதிதாகப் பெயர் வைத்தார்கள். 2023 இல் ஜெய்சல்மேரில் கிடைத்த தாரோசாரஸ் அதன் நீள்கழுத்துக் குடும்பத்திலேயே உலகத்தில் மிகப் பழையது என்று அறிவித்தார்கள். ஒவ்வொரு தடவையும் பேப்பரில் ஒரு நாள் செய்தி வரும், கைதட்டல் கிடைக்கும். அதற்கு அடுத்த பதினாறு வருஷத்தை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்கிறவர்கள்தான் குறைவு.

கல்லமேட்டில் தொலைந்தது இனி திரும்பி வராது. அடுத்த எலும்பு ஏதோ ஒரு ஓடைக்கரையில் இந்த வருஷ மழைக்கு வெளியே தலைநீட்டப் போகிறது. அதைத் தூக்கி வைக்க ஒரு கூடம் தயாராக இருக்கிறதா என்பதே இப்போதைய கேள்வி.